போர்த்துகல் லீக்: பெங்களூரில் இருந்தபடி ஒரு சீசனை முழுதாகப் பின்தொடர ஒரு கையேடு

போர்த்துகலின் முதல் டிவிஷனில் 18 அணிகள் ஆடுகின்றன. ஒவ்வொரு அணியும் மற்ற 17 அணிகளோடும் சொந்த மைதானத்தில் ஒரு தடவை, வெளியில் ஒரு தடவை மோதும். 34 ரவுண்டுகள், ரவுண்டுக்கு 9 மேட்ச், மொத்தம் 306. ஆகஸ்ட் முதல் பாதியில் தொடங்கி மே நடுவில் முடிகிறது. ஸ்கோர் மட்டும் போதும் என்றால் போனில் ஒரு ஆப் இருந்தால் சரி. ஆனால் யார் ஏன் ஜெயித்தார்கள், எந்த வாரத்தில் பட்டம் கைநழுவியது என்று மே மாதம் உட்கார்ந்து சொல்லத் தெரிய வேண்டுமானால், நீங்களே ஒரு கணக்குப் புத்தகம் போட வேண்டும். அதற்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் செலவாகும், மேட்ச் பார்க்கும் நேரம் தனி. அந்தப் புத்தகத்தை எப்படிப் போடுவது, நம் ஊர் நேரத்துக்கு எந்த மேட்சைத் தேர்ந்தெடுப்பது, எங்கே கணக்கு தவறும் என்பதுதான் இந்தக் கையேடு.

உதாரணங்கள் பெரும்பாலும் 2024-25 சீசனிலிருந்து. கடைசி நாள்வரை இழுத்துக்கொண்டு போன சீசன் அது. புள்ளிப் பட்டியலில் வரக்கூடிய சிக்கல்கள் கிட்டத்தட்ட எல்லாமே அதில் வந்துவிட்டன.

முதலில் ஊர்களைப் பிடியுங்கள்

இந்த லீகில் பட்டம் வாங்கியவர்கள் ஐந்தே பேர். பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் மூவரும் மாறி மாறி வாங்கியது போக, 1945-46-ல் பெலெனென்செஸ் ஒரு தடவை, 2000-01-ல் போவிஸ்டா ஒரு தடவை. இதைக் கேட்டதும் மற்ற 15 அணிகளையும் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. பெரிய மூவரின் 34 மேட்சில் 30 அந்தப் பதினைந்து பேரோடுதான். அவர்கள் யார், எந்த ஊர், எந்த மைதானம் என்று தெரியாவிட்டால் ஸ்கோர் வெறும் எண்ணாகத்தான் தெரியும்.

2025-26 பட்டியலை வைத்துச் சொன்னால், வடக்கே பிராகா மாவட்டத்துக்குள்ளேயே ஐந்து அணிகள்: பிராகா, விட்டோரியா கிமாராயிஷ், ஜில் விசென்ட்டே, மொரெய்ரென்ஸ், ஃபமாலிகாவ். போர்ட்டோ பக்கம் போர்ட்டோவோடு ரியோ ஆவே, ஏ.வி.எஸ். சற்றுக் கீழே அரோக்கா, டொண்டெலா. லிஸ்பனிலும் அதைச் சுற்றியும் பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங், காசா பியா, எஸ்ட்ரெலா ட அமடோரா, எஸ்டோரில், அல்வெர்க்கா. தீவுகளில் இரண்டு: அசோரஸில் சாண்டா கிளாரா, மடெய்ராவில் நாசியோனால். தெற்குக் கோடியில் ஃபாரோவைச் சேர்ந்த ஃபாரென்ஸ் 2025-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டதால், தேஜோ ஆற்றுக்குத் தெற்கே ஒரு அணிகூட இல்லாத பட்டியல் இது. ஒவ்வொரு கோடையிலும் இரண்டு மூன்று பெயர் மாறும். புத்தகத்தின் முதல் பக்கத்தை ஜூலை கடைசியில் புதிதாக எழுதுங்கள். அணி, ஊர், மைதானம், பயிற்சியாளர் என்று நான்கு பத்தி போதும்.

மைதானத்தைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காசா பியா லிஸ்பன் அணி, ஆனால் 2024-25-ல் சொந்த மேட்ச்களை ஆடியது ரியோ மயோரில். பிராகாவின் மைதானம் கல்குவாரிக்குள் வெட்டப்பட்டது. இரண்டு பக்கம்தான் பார்வையாளர் வரிசை, ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் பாறைச் சுவர். நாசியோனாலின் மைதானம் மடெய்ராவின் மலைமேல், மூடுபனி இறங்கும் இடத்தில் இருக்கிறது. அந்தப் பனி பட்டியலை என்ன பாடு படுத்தும் என்பது பின்னால் வருகிறது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். பிராகாவின் முழுப்பெயரிலும் ‘ஸ்போர்ட்டிங்’ உண்டு. சில ஆப்களில் இரண்டும் எழுத்துச் சுருக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும். உங்கள் புத்தகத்தில் ஊர்ப் பெயரை எழுதினால் பிராகா பிராகாதான், குழப்பமே வராது.

நேரக் கணக்கு

லிஸ்பனுக்கும் நமக்கும் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறு ஐந்தரைக்கு மாறும், மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி நாலரைக்கு வரும். சனி, ஞாயிறுகளில் வழக்கமாக மூன்று வெவ்வேறு நேரங்களில் கிக்-ஆஃப் இருக்கும். லிஸ்பனில் மதியம் 3.30 என்றால் நமக்குக் கோடையில் இரவு 8, குளிர்காலத்தில் 9. மாலை 6 என்றால் 10.30 அல்லது 11.30. இரவு 8.30 என்றால் விடியற்காலை 1 அல்லது 2. வெள்ளி, திங்கள் இரவுகளில் 8.15-க்கு வைப்பார்கள். அது நமக்கு 12.45 அல்லது 1.45.

இங்கே மேட்ச் தவறிப்போவது பெரும்பாலும் மணியால் அல்ல, கிழமையால். லிஸ்பனில் சனி இரவு 8.30 மேட்ச் நமக்கு ஞாயிறு விடியற்காலை. போனில் ‘சனி 2 மணி’ என்று அலாரம் வைத்தால் ஒரு நாள் முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். காலண்டர் ஆப்பில் மேட்சைப் பதியும்போது நேர மண்டலத்தை லிஸ்பன் என்று தேர்ந்தெடுத்து, அவர்கள் சொல்லும் நேரத்தை அப்படியே போடுங்கள். இந்திய நேரமும் கிழமையும் தானாக மாறிக்கொள்ளும், அக்டோபர், மார்ச் மாற்றமும் அதிலேயே அடங்கிவிடும். புத்தகத்தில் எழுதும் தேதி மட்டும் எப்போதும் லிஸ்பன் தேதியாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்னால் பழைய செய்திகளோடு ஒப்பிடும்போது ஒரு நாள் தள்ளி நிற்கும்.

அசோரஸ் லிஸ்பனைவிட இன்னும் ஒரு மணி நேரம் பின்னால். சாண்டா கிளாரா தன் சொந்த மேட்ச் நேரத்தை உள்ளூர் மணியில் சொல்லும்போது நமக்குக் கோடையில் ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை கூட்ட வேண்டும். மடெய்ராவுக்கு இந்தத் தொல்லை இல்லை, லிஸ்பன் நேரம்தான்.

இன்னொன்று: ஜூலையில் குலுக்கல் முடிந்து வெளியாகும் அட்டவணையில் எந்த ரவுண்டில் யாரோடு யார் என்பதுதான் உறுதி. நாளும் மணியும் ரவுண்டு நெருங்கும்போதுதான் முடிவாகும். வியாழக்கிழமை ஐரோப்பியக் கோப்பையில் ஆடிய அணிக்கு ஞாயிறோ திங்களோதான் லீக் மேட்ச் வைப்பார்கள். ஆகவே முழு சீசனையும் ஜூலையிலேயே காலண்டரில் ஏற்றாதீர்கள். இரண்டு மூன்று ரவுண்டுகளை மட்டும் முன்கூட்டிப் போடுங்கள், போட்டதையும் வெள்ளிக்கிழமை ஒரு தடவை சரிபாருங்கள்.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே எழுதிவிடலாம். இரண்டாம் பாதி முதல் பாதியின் வரிசையிலேயே போகும், மைதானம் மட்டும் மாறும். ரவுண்டு எண்ணோடு 17-ஐக் கூட்டினால் மறுமேட்ச் எந்த ரவுண்டு என்று தெரிந்துவிடும். 2024-25-ல் ஸ்போர்ட்டிங் வீட்டில் பென்ஃபிகாவைச் சந்தித்தது 16-வது ரவுண்டு. அப்படியென்றால் பென்ஃபிகா மைதானத்தில் மறுமேட்ச் 33-ல், அதாவது கடைசிக்கு முந்தைய வாரம். ஜூலையிலேயே இது தெரிந்துவிட்டது. குலுக்கல் வந்ததும் பெரிய மூவரின் ஆறு மேட்ச்களையும் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் எங்கே, எப்படிப் பார்ப்பது

ஒளிபரப்பு உரிமை இந்தியாவில் கைமாறக்கூடியது. போன வருடம் வந்த ஆப்பில் இந்த வருடமும் வரும் என்று நம்பி வருடச் சந்தா கட்டாதீர்கள். முதல் இரண்டு ரவுண்டு எதில் ஓடுகிறது, எத்தனை மேட்ச் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். மாதச் சந்தா இருந்தால் ஆகஸ்டுக்கு அதுவே போதும். நேரடியாகக் கிடைக்காத மேட்ச்களுக்கு லீகின் யூடியூப் பக்கத்தில் சுருக்கக் காட்சிகள் வரும்.

பெரிய அணிகளின் மேட்ச் அடிக்கடி விடியற்காலை 1, 2 மணிக்கு வந்துவிடுகிறது. நமக்கு வசதியான இரவு 8, 9 மணிக்கு வருவது பெரும்பாலும் நடுத்தர, சிறிய அணிகளின் மேட்ச். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் அரோக்காவையும் ஜில் விசென்ட்டேயையும் முழுதாகப் பார்த்தவருக்குத்தான், அதே அணி மறுவாரம் போர்ட்டோவை எப்படி மடக்கியது என்று புரியும். வாரம் இரண்டு மேட்ச் முழுதாகப் பாருங்கள். ஒன்று பெரிய மூவரில் ஒருவருடையது, மற்றது மூவரில் யாருமே இல்லாதது. மீதி ஏழுக்கும் சுருக்கக் காட்சி போதும்.

பப்பில் பார்க்க நினைப்பவர்கள் காலண்டரைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். பெங்களூரில் இரவு 1 மணிக்குக் கடை மூடிவிடுவார்கள். லிஸ்பன் மாலை 6 மணி மேட்ச் கோடையில் 10.30-க்குத் தொடங்கி 12.30-க்குள் முடிந்துவிடும், இந்திராநகரிலோ பிரிகேட் ரோட்டிலோ பார்க்கலாம். அதே மேட்ச் குளிர்காலத்தில் 11.30-க்குத் தொடங்குவதால் கடைசி இருபது, இருபத்தைந்து நிமிடம் கடைக்கு வெளியேதான் நிற்பீர்கள். கோடையிலும் சரி, மேட்ச் முடியும் முன்பே கடைசி மெட்ரோ போய்விடும். திரும்பும் ஆட்டோவுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரே நேரத்தில் இங்கிலீஷ் லீக் மேட்ச் இருந்தால் பெரிய திரை அதற்குத்தான். நாலைந்து பேர் சேர்ந்து முதல் நாளே சொல்லிவைத்தால் ஓரத் திரையாவது கிடைக்கும்.

அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், விவேக் நகர் பக்கம் இருப்பவர்களுக்கு ஆள் சேர்ப்பது கஷ்டமில்லை. கௌதம்புராவில் பெலேவுக்குச் சிலையே நிற்கிறது, பிரேசில் பைத்தியம் தெருவுக்குத் தெரு உண்டு. போர்த்துகல் அணிகள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பிரேசில்காரர்கள் ஆடுகிறார்கள். ஞாயிறு காலை கிரவுண்டுக்கு வரும் அண்ணன்களிடம் அந்த வழியாகப் பேச்சைத் தொடங்கினால் ஒரு வீட்டில் கூடிப் பார்க்க ஆறேழு பேர் கிடைப்பார்கள்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை ராத்திரி மழைக்கு கரண்ட் போவது நம் ஊரில் சாதாரணம். ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்று மாட்டிவிட்டால் மேட்ச் நிற்காது. போன் டேட்டாவில் பார்ப்பவர்கள் எச்.டி.யில் வைத்தால் மணிக்கு 3 ஜி.பி. வரை போகும், தினசரி 2 ஜி.பி. பிளான் இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிடும். படத்தின் தரத்தை 480-க்கு இறக்குங்கள். தினசரி டேட்டா நள்ளிரவில் புதுப்பிக்கப்படும். எனவே 11.30 மேட்சுக்கு இரண்டு நாள் டேட்டா கிடைக்கும், 9 மணி மேட்சுக்கு ஒரு நாள்தான்.

ஆன்லைன் ஒளிபரப்பு மைதானத்தைவிடச் சற்றுப் பின்தங்கி ஓடும். ஸ்கோர் ஆப்பின் அறிவிப்பையும் வாட்ஸ்அப் குரூப்பையும் மேட்ச் முடியும்வரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பந்து நடுமைதானத்தில் இருக்கும்போதே கோல் என்று போன் சொல்லிவிடும்.

கணக்குப் புத்தகம்

இரண்டு பொருள் போதும்: ஒரு ஏ3 தாள், ஒரு 200 பக்க நீள நோட்டு. கம்ப்யூட்டரில் போட்டாலும் அமைப்பு இதேதான். ஆனால் முதல் சீசனைக் கையால் எழுதினால் அணிகள் மனதில் பதிகின்றன, அதனால் தாளைத்தான் சிபாரிசு செய்கிறோம்.

ஏ3 தாளின் குறுகிய பக்கம் 29.7 செ.மீ. ஒன்றரை செ.மீ. கட்டங்களாக 18 போட்டால் 27 செ.மீ., மீதியில் அணிப் பெயர் எழுத இடம் இருக்கும். இடப்பக்கம் வரிசையாக 18 அணிகள், இவர்கள் சொந்த மைதான அணிகள். மேலே அதே வரிசையில் 18, இவர்கள் வெளியூர் அணிகள். மூலைவிட்டத்தில் வரும் 18 கட்டங்களை அடித்துவிடுங்கள், யாரும் தன்னோடு தானே ஆடுவதில்லை. மீதி 306 கட்டம். ஒவ்வொன்றிலும் ஸ்கோரும், மூலையில் சிறிதாக ரவுண்டு எண்ணும். சீசன் முடியும்போது ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

நோட்டில் ரவுண்டுக்கு எதிரெதிராக இரண்டு பக்கம், மொத்தம் 68 பக்கம். இடப்பக்கம் 9 மேட்ச்: ஸ்கோர், கோல் அடித்தவர், நிமிடம், சிவப்பு அட்டை இருந்தால் அதன் நிமிடம். 20-வது நிமிடத்தில் பத்துப் பேராகக் குறைந்த அணி 0-3 என்று தோற்றதும், பதினோரு பேரோடு 0-3 என்று தோற்றதும் ஸ்கோரில் ஒன்றுபோலத் தெரியும். ஆறு மாதம் கழித்து நினைவு இருக்காது. வலப்பக்கம் அந்த ரவுண்டுக்குப் பிந்தைய புள்ளிப் பட்டியல்.

பட்டியலை எழுதும்போது ஆப்பில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதாதீர்கள். முக்கியமாக ‘இழந்த புள்ளி’ என்று ஒரு பத்தி சேருங்கள். ஆடிய மேட்சை 3-ஆல் பெருக்கி, எடுத்த புள்ளியைக் கழித்தால் வருவது அது. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 என்பதால், தோல்வியில் இழப்பது 3, டிராவில் 2. பட்டப் போட்டியை அளக்க இதைவிடச் சரியான அளவு இல்லை. எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் மேட்ச் ஆடியிருக்கும் வாரங்கள் குறைவு என்பதுதான் காரணம்.

2024 அக்டோபர் 6 அன்று நாசியோனால்-பென்ஃபிகா மேட்ச் பனிமூட்டத்தால் எட்டு நிமிடத்திலேயே நின்றது. அதே நிமிடத்திலிருந்து மறுபடி தொடங்கி முடித்தது டிசம்பர் 19-ல், பென்ஃபிகா 2-0. இரண்டரை மாதம் எல்லா ஆப்பிலும் பென்ஃபிகா ஒரு மேட்ச் குறைவாகவே நின்றது. புள்ளியை மட்டும் பார்த்தவர்களுக்கு இடைவெளி உண்மையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இழந்த புள்ளிப் பத்தியில் இந்த மயக்கம் வராது. இப்படித் தள்ளிப்போன மேட்சை நோட்டில் டிசம்பர்ப் பக்கத்தில் எழுதாமல் அதற்குரிய 8-வது ரவுண்டுப் பக்கத்திலேயே எழுதி, ஓரத்தில் முடிந்த தேதியைக் குறியுங்கள். இல்லையென்றால் 17-ஐக் கூட்டும் கணக்கு குழம்பிவிடும்.

போர்த்துகீசியப் பத்திரிகைகளின் பட்டியலைப் பார்த்து எழுதுபவர்கள் ஒரு பத்தியில் கட்டாயம் தடுமாறுவார்கள். ஆங்கிலப் பட்டியலில் ‘டி’ என்றால் டிரா. போர்த்துகீசியப் பட்டியலில் அதே ‘டி’ தோல்வி, டிரா என்பது ‘ஈ’. வரிசை எப்போதும் ஆடியது, வெற்றி, டிரா, தோல்வி. சந்தேகம் வந்தால் வெற்றியை 3-ஆல் பெருக்கி டிராவைக் கூட்டிப் பாருங்கள், புள்ளி சரியாக வர வேண்டும். லிஸ்பனின் ‘அ போலா’, ‘ரெக்கோர்ட்’, போர்ட்டோவின் ‘ஓ ஜோகோ’ மூன்றும் அன்றாட விளையாட்டுப் பத்திரிகைகள். லிஸ்பன் பத்திரிகை ஒன்று, போர்ட்டோ பத்திரிகை ஒன்று என்று இரண்டையும் பார்த்தால் ஒரே மேட்சின் இரண்டு பக்கமும் கிடைக்கும்.

அடுத்து, பயிற்சியாளர் பத்தி. இந்த லீகில் இதைப் போடாமல் சீசனைப் புரிந்துகொள்ள முடியாது என்பது எங்கள் உறுதியான கருத்து. 2024-25-ல் ஸ்போர்ட்டிங்கின் 82 புள்ளியைப் பிரித்துப் பாருங்கள். ரூபன் அமோரிம் இருந்த முதல் 11 ரவுண்டிலும் வெற்றி, 33 புள்ளி. நவம்பரில் அவர் மான்செஸ்டர் யுனைடெட் போனார். அடுத்து ஜுவாவ் பெரெய்ரா, 4 லீக் மேட்சில் 4 புள்ளி. சாண்டா கிளாராவிடம் சொந்த மைதானத்திலேயே 0-1, மொரெய்ரென்ஸிடம் 1-2. டிசம்பர் கடைசியில் ரூய் போர்ஜஸ் வந்தார், மீதி 19 மேட்சில் 13 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லை, 45 புள்ளி. சீசன் முழுக்க ஸ்போர்ட்டிங் தோற்ற இரண்டு மேட்சும் அந்த நான்கு வாரத்துக்குள் அடுத்தடுத்து வந்தவை. விக்டர் யோக்கெரெஷின் 39 லீக் கோலை மட்டும் எழுதிவைத்தால் இந்த விஷயம் கண்ணில் படாது. பென்ஃபிகாவிலும் அப்படித்தான். ரோஜர் ஷ்மிட்டின் முதல் 4 ரவுண்டில் 7 புள்ளி, பிறகு புரூனோ லாஜின் 30 மேட்சில் 73. ஆகஸ்டில் விட்ட ஐந்து புள்ளி மே மாதம் எவ்வளவு கனத்தது என்று கீழே தெரியும்.

செய்வது எளிது. பயிற்சியாளர் மாறும்போது பட்டியலில் அந்த அணியின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டு, அதுவரையிலான மேட்சும் புள்ளியும் எழுதுங்கள்.

ஐரோப்பியக் கோப்பைக்கு ஒரு புள்ளி அடையாளம் வையுங்கள். வாரத்தின் நடுவில் ஆடிவிட்டு வந்த அணியின் பெயருக்கு மேல் ஒரு மைப்புள்ளி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் களைப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். 2024 நவம்பர் 5-ல் மான்செஸ்டர் சிட்டியை 4-1 என்று அடித்த ஸ்போர்ட்டிங், நவம்பர் 10-ல் பிராகா மைதானத்தில் 0-2 என்று பின்தங்கியிருந்தும் 4-2 என்று ஜெயித்தது. பத்துப் பதினைந்து மைப்புள்ளி சேர்ந்தபிறகு கணக்குப் பாருங்கள்.

மஞ்சள் அட்டை எல்லோருக்கும் எழுதினால் கை வலிக்கும். நீங்கள் முக்கியமாகப் பின்தொடரும் இரண்டு அணிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லீகில் ஐந்தாவது மஞ்சள் வந்தால் ஒரு மேட்ச் தடை. நாலில் நிற்பவர் யார் என்று சிவப்பு மையில் குறித்த மேட்சுகளுக்கு முந்தைய வாரம் பாருங்கள்.

ஆட்டக்காரர் விற்பனை இந்த அணிகளின் பிழைப்பு. ஆகஸ்ட் கடைசிவரை எந்த அணியையும் எடைபோட வேண்டாம். 2024 ஆகஸ்டில் சீசன் தொடங்கும் தறுவாயில் ஜுவாவ் நெவெஸ் பென்ஃபிகாவிலிருந்து பாரிஸ் போனார், அதே மாதம் போர்ட்டோவின் எவானில்சன் போர்ன்மத் போனார். ஜனவரியிலும் இப்படியே. முதல் பக்கத்தில் ‘போனவர், வந்தவர், தேதி’ என்று இடம் விடுங்கள். சீசன் தொடக்கத்தில் லீக் சாம்பியனும் கோப்பை வென்ற அணியும் மோதும் சூப்பர் கோப்பையை வைத்தும் முடிவுகட்டாதீர்கள். 2024 ஆகஸ்ட் 3-ல் 0-3 என்று பின்தங்கிய போர்ட்டோ ஸ்போர்ட்டிங்கை 4-3 என்று கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. லீகில் அந்த போர்ட்டோ மூன்றாவது.

புள்ளி சமமானால்

இங்கேதான் ஆப்கள் உங்களை அதிகம் ஏமாற்றும். சீசன் முடிவில் இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றால், முதலில் பார்ப்பது மொத்த கோல் வித்தியாசம் அல்ல. அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய இரண்டு மேட்சில் யார் அதிகப் புள்ளி எடுத்தார்கள், அதிலும் சமமென்றால் அந்த மேட்சுகளின் கோல் வித்தியாசம். மொத்த கோல் வித்தியாசம் அதற்குப் பிறகுதான். ஆனால் இரண்டு மேட்சும் நடந்து முடியும்வரை இந்த விதி செல்லாது, அதுவரை மொத்த கோல் வித்தியாசத்தை வைத்தே வரிசைப்படுத்துவார்கள். பிப்ரவரியில் மேலே இருந்த அணி, மறுமேட்ச் முடிந்த மறுநாள் புள்ளி மாறாமலேயே கீழே போகலாம்.

2024-25-ல் கடைசி ரவுண்டுக்கு முன் ஸ்போர்ட்டிங்கும் பென்ஃபிகாவும் தலா 79. டிசம்பர் 29-ல் ஸ்போர்ட்டிங் 1-0, மே 10-ல் பென்ஃபிகா மைதானத்தில் 1-1. நேருக்கு நேர் ஸ்போர்ட்டிங் 4, பென்ஃபிகா 1. ஆகவே மே 17 அன்று பென்ஃபிகாவுக்கு ஸ்போர்ட்டிங்கைவிட நல்ல முடிவு தேவைப்பட்டது, சமமான முடிவு போதாது. பென்ஃபிகா பிராகாவில் 1-1, ஸ்போர்ட்டிங் கிமாராயிஷை 2-0 என்று ஜெயித்தது. 82-80.

ஏ3 தாளில் இதைப் பார்ப்பது சுலபம். ஸ்போர்ட்டிங் வரிசையில் பென்ஃபிகா கட்டம், பென்ஃபிகா வரிசையில் ஸ்போர்ட்டிங் கட்டம், இரண்டையும் ஒரே நிறத்தில் வட்டமிடுங்கள். மார்ச் மாதத்தில் பட்டியலில் ஆறு புள்ளிக்குள் நிற்கும் எல்லா ஜோடிகளுக்கும், குறிப்பாக இறங்கும் இடத்தில் நிற்பவர்களுக்கும் இதைச் செய்துவிடுங்கள்.

கடைசி ரவுண்டில் பட்டத்துக்கான மேட்ச்கள் ஒரே நேரத்தில் தொடங்கும். அன்றைக்கு மட்டும் இரண்டு திரை வேண்டும்.

மூவரின் தனிக் கணக்கு

சீசன் முடிந்ததும் புத்தகத்திலிருந்து ஒரு சிறிய பட்டியல் எடுங்கள்: பெரிய மூவரும் தங்களுக்குள் ஆடியது தனி, மற்ற 15 பேரோடு ஆடியது தனி. தங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் 4 மேட்ச், அதிகபட்சம் 12 புள்ளி. மற்றவர்களோடு 30 மேட்ச், 90 புள்ளி.

2024-25 இப்படி வருகிறது. தங்களுக்குள் ஸ்போர்ட்டிங் 8, பென்ஃபிகா 7, போர்ட்டோ 1. போர்ட்டோவை பென்ஃபிகா இரண்டு மேட்சிலும் 4-1 என்று அடித்தது. மற்ற பதினைந்து பேரோடு ஸ்போர்ட்டிங் 74, பென்ஃபிகா 73, போர்ட்டோ 70. இறுதிப் பட்டியலில் போர்ட்டோ 71 புள்ளியோடு, சாம்பியனுக்கு 11 புள்ளி பின்னால் நின்றது. அந்தப் பதினொன்றில் ஏழு வெறும் நான்கு மேட்சில் போனவை. நாசியோனால், ஜில் விசென்ட்டே, எஸ்ட்ரெலா அணிகளிடம் தோற்றதைத்தான் அந்த வருடம் எல்லோரும் பேசினார்கள். ஆனால் சிறிய அணிகளிடம் புள்ளி விட்டதில் போர்ட்டோவுக்கும் மற்ற இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பென்ஃபிகாவும் ஃபமாலிகாவிடம் 0-2, காசா பியாவிடம் 1-3 என்று தோற்றிருந்தது.

ஒவ்வொரு சீசனும் இப்படியே இருக்காது. மூவரும் தங்களுக்குள் சமமாக முடித்து, சிறிய அணிகளிடம் விட்ட டிராக்களால் பட்டம் போகும் வருடமும் வரும். எது நடந்தது என்பதை இந்த இரண்டு வரிப் பட்டியல் உடனே காட்டிவிடும். 17-வது ரவுண்டு முடிந்ததும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், இரண்டாம் பாதியில் எந்த மேட்சைக் கண்விழித்துப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லும்.

34-க்குப் பிறகு

மே நடுவில் நோட்டை மூடிவிட வேண்டாம். 17, 18-வது இடத்தில் முடிந்த அணிகள் நேராக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும். 16-வது அணி, இரண்டாம் டிவிஷனின் மூன்றாவது அணியோடு இரண்டு மேட்ச் ஆட வேண்டும். பெரிய அணிகளின் ‘பி’ அணிகள் மேலே வர முடியாது, அவை மூன்றாவதாக முடித்தால் அடுத்த அணிக்கு வாய்ப்பு. 2025-ல் ஃபாரென்ஸும் முன்னாள் சாம்பியன் போவிஸ்டாவும் இறங்கின, 16-வதாக முடித்த ஏ.வி.எஸ். விசெலாவை வென்று தப்பியது.

மே கடைசியில் ஜாமோர் மைதானத்தில் போர்த்துகல் கோப்பை இறுதி மேட்ச். அதில் ஜெயிக்கும் அணிக்கு, சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த நிலை ஐரோப்பியக் கோப்பையான யூரோப்பா லீகில் இடம் என்பதால், அதைப் பார்க்காமல் ஐரோப்பிய இடங்களை எழுத முடியாது. 2025-ல் லீக் சாம்பியன் ஸ்போர்ட்டிங்கே பென்ஃபிகாவை 3-1 என்று வென்று கோப்பையையும் எடுத்தது. சாம்பியன் என்பதால் அதற்குச் சாம்பியன்ஸ் லீக் இடம் ஏற்கெனவே இருந்தது, அதனால் அந்த யூரோப்பா இடம் மூன்றாவதாக முடித்த போர்ட்டோவுக்கு இறங்கியது. நாலாவது பிராகா யூரோப்பா லீகின் தகுதிச் சுற்றுக்கும், ஐந்தாவது சாண்டா கிளாரா மூன்றாம் நிலைக் கோப்பையான கான்ஃபரன்ஸ் லீகின் தகுதிச் சுற்றுக்கும் போயின. பென்ஃபிகா சாம்பியன்ஸ் லீகின் மூன்றாம் தகுதிச் சுற்றில் தொடங்கியது.

தகுதிச் சுற்றுக்குப் போகும் அணிகளின் பெயருக்கு எதிரே ‘ஜூலை’ என்று எழுதிவையுங்கள். பிராகாவும் சாண்டா கிளாராவும் அந்த வருடம் ஜூலையிலேயே ஆடத் தொடங்கிவிட்டன. ஆகஸ்டில் அடுத்த நோட்டின் முதல் ரவுண்டை எழுதும்போது அந்த அணிகளின் பெயருக்கு மேல் மைப்புள்ளி ஏற்கெனவே இருக்க வேண்டும்.